எந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவது?

இலக்கியத் தொடரொன்றில் உதைபந்தாட்டத்துக்கு என்ன வேலையென்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் அல்பேர் காம்யூ, இளமையில் அல்ஜியர்ஸ் நகரில் கோல் காப்பாளராக நின்றவர். அவரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். ஆனால் நான் பேச வந்தது ஆடுகிறவனைப் பற்றியல்ல. கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கிறவனைப் பற்றி. ஆட்டம் முடிந்த பின்னும் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறவன் அவன்தான்.

2025 மே 21 ஆம் திகதி இரவு, கல்முனையில் எங்கள் வீட்டில் யாரும் சரியாக உறங்கவில்லை. என் ராத்தாவின் மகன், பதினேழு வயதுப் பிள்ளை, மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்தின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தான். ஸ்பெயினின் பில்பாவோ நகரில் ஐரோப்பா லீக் இறுதியாட்டம். எங்களுக்கு நள்ளிரவு தாண்டித்தான் ஆட்டமே தொடங்கியது. டொட்டன்ஹாம் ஒரு கோலால் வென்றது. அந்தப் பருவத்தில் இங்கிலாந்து லீக்கிலும் யுனைட்டட் 15 ஆம் இடத்துக்கு இறங்கியது. பிள்ளை அழுவானென்று நினைத்தேன். அவன் அழவில்லை.

"மாமா, இந்த முதலாளிமார் ஏன் இத வித்துப்போட்டுப் போறாங்க இல்ல?" என்று கேட்டான்.

நான் எதிர்பார்த்தது தோல்வியைப் பற்றிய பேச்சை. அவன் கேட்டதோ உடைமையைப் பற்றிய கேள்வியை. அன்றிரவு அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தக் கழகத்தை 1878 இல் ஆரம்பித்தவர்கள் நியூட்டன் ஹீத் என்ற இடத்தின் ரயில்வேத் தொழிலாளர்கள். 1902 இல்தான் அது இப்போதைய பெயரைப் பெற்றது. 2005 இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் அதை வாங்கியது. வாங்கிய பணத்தில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனில் பெரும்பங்கு கழகத்தின் தலையிலேயே சுமத்தப்பட்டது. ஒருவர் உங்கள் வீட்டை வாங்குகிறார். வாங்கிய கடனை வீட்டின் பேரிலேயே எழுதிவிட்டு, வட்டியை வீட்டிலுள்ளவர்கள் கட்டட்டும் என்கிறார். ஏறக்குறைய அப்படித்தான். மனம் பொறுக்காத ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதே ஆண்டில் விலகிப்போய், உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற விதியோடு தங்களுக்கென்று ஒரு கழகத்தை அமைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் திட்டிக்கொண்டே இருந்துவிட்டார்கள். 2013 க்குப் பிறகு அவர்கள் லீக் கிண்ணத்தைக் காணவில்லை. 2024 இல் ஜிம் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர் கால்வாசிக்குச் சற்று மேலான பங்கை வாங்கினார். அதன் பிறகு வந்ததுதான் அந்த 15 ஆம் இடம்.

தோற்பதால்தான் முதலாளிமார்மேல் கோபம், வென்றால் எல்லாம் மறந்துபோகும் என்று சிலர் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். அது சரியல்ல என்பதற்கு நமக்கு அண்மையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, கொல்கத்தாவில்.

மோகன் பகான் கழகம் 1889 இல் தோன்றியது. 1911 ஜூலை 29 ஆம் திகதி, கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தை எடுத்தது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். ஆள்கிறவனை அவனுடைய விளையாட்டிலேயே வெல்லலாம் என்று அன்று ஒரு நாடே கண்டுகொண்டது. அந்தக் கழகம் 2020 இல் ஏ.டி.கே. என்ற கழகத்தை நடத்திய பெரும் வியாபாரக் குழுமத்தோடு இணைந்தது. நூறில் எண்பது பங்கு குழுமத்துக்கு. பெயர் 'ஏ.டி.கே. மோகன் பகான்' என்றாயிற்று. மூன்றே மூன்று எழுத்துகள்தான் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டன. ரசிகர்கள் பொறுக்கவில்லை. அந்த எழுத்துகளை எடு என்று வீதியிலும் அரங்கிலும் நின்றார்கள். இத்தனைக்கும் அணி நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது. 2023 மார்ச் 18 ஆம் திகதி கோவாவில் பெங்களூர் அணியைப் பெனால்டி உதைகளில் வென்று இந்தியன் சூப்பர் லீக் கிண்ணத்தையும் எடுத்தது. அந்த வெற்றி இரவில்தான், அடுத்த பருவத்திலிருந்து அந்த மூன்று எழுத்துகளும் இராது என்று உரிமையாளர் அறிவித்தார். பழைய பெயருக்குப் பின்னால் வேறொரு ஒட்டு வந்தது உண்மை. ஆனாலும் முன்னால் நின்றது போய்விட்டது.

அதே நகரத்தின் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் கதை வேறு மாதிரியானது. 1891 இல் ஆரம்பமான கழகம். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து தடவைகள் கல்கத்தா லீக்கை வென்றது. 1934 க்கு முன்னர் எந்த இந்தியக் கழகமும் அந்த லீக்கை வென்றதில்லை. பல பத்தாண்டுகள் தாழ்ந்து கிடந்து, 2024 இல் ஐ-லீக்கை வென்று மேல்நிலைக்கு ஏறியது. ஏறிய முதற்பருவத்திலேயே பதின்மூன்று அணிகளில் கடைசி. ஊதியம் வரவில்லையென்று வீரர்கள் பயிற்சிக்குப் போக மறுத்த செய்தியும் வந்தது. ஒருவருக்குக் கிண்ணம் இருந்தது, பெயர் முழுதாக இல்லை. மற்றவருக்குப் பெயர் இருந்தது, ஆடுகிறவனுக்குக் கூலி இல்லை.

சரி, நம் நாட்டில் முதலாளிமார் வாங்கத்தக்க பெரிய கழகங்கள் இல்லையே, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கு நேர்ந்தது இவை இரண்டையும்விட மோசமானது. 1995 இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவை வென்றவர்கள் நாங்கள். அதே நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்தை, வெளியார் தலையீடு என்ற காரணம் காட்டி, 2023 ஜனவரியில் பீபா இடைநிறுத்தியது. யார் நிர்வாகத்தில் இருப்பது என்ற இழுபறி முற்றிய வேளை அது. அந்த ஆண்டு பெங்களூரில் தெற்காசியக் கிண்ணப் போட்டி நடந்தபோது குவைத்தும் லெபனானும் விருந்தாளிகளாக வந்து ஆடின. இலங்கை இல்லை. தடை ஓகஸ்டில்தான் நீங்கியது. தோற்பதற்குக்கூட நமக்கு உரிமை இல்லாமற்போன மாதங்கள் அவை. கதிரைக்குச் சண்டை பிடித்தவர்கள் ஒரு சிலர். ஆட முடியாமல் நின்றவர்கள் பையன்கள்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். மற்றவர்களின் குற்றத்தை இவ்வளவு நேரம் சொன்னவன் தன்னுடையதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

இளம் வயதில் நான் எங்கள் பக்கத்துக் கழகமொன்றின் பொருளாளராக இருந்தேன். பெயர் வேண்டாம். அதை உண்டாக்கியவர்களில் ஒருவர் ஒரு தையற்காரக் காக்கா. வீடு வீடாகச் சேர்த்த காசில் துணி வாங்கி, முதற்தொகுதிச் சட்டைகளை இரவிரவாகக் கூலியில்லாமல் தைத்துக் கொடுத்தவர். ஆட்டம் நடந்தால் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, கழகத்தின் பெயரைச் சொல்லிக் கத்துவார். மஃரிப் பாங்கு சொல்லும்வரை அந்தக் குரல் ஓயாது.

வசதியுள்ள ஒருவர் வந்தார். சப்பாத்துத் தருகிறேன், பயிற்சியாளருக்குச் சம்பளம் தருகிறேன், என் வியாபாரத்தின் பெயரைக் கழகத்துக்கு வையுங்கள், தலைமைப் பதவியையும் தாருங்கள் என்றார். கூட்டம் கூடினோம். கை உயர்த்தினோம். நானும் உயர்த்தினேன். அந்த வருடம் ஒரு சுற்றுப்போட்டியில் கிண்ணமும் எடுத்தோம். ஊர்வலம் போய்க் காக்காவின் கடை வாசலில் நின்றபோது அவர் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"கப்ப எடுத்திட்டீங்க மகன், சந்தோஷம். ஆனா நான் இனி எந்தப் பேரச் சொல்லிக் கத்துற?"

அவர் கோபித்துச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அதன் பிறகு அவர் மைதானத்துக்கு வரவில்லை. இரண்டு வருடத்தில் அந்த வசதியுள்ளவருக்கும் அலுத்துவிட்டது. புதிய பெயரும் போயிற்று, பழைய பெயருக்கு உயிர் கொடுக்க ஆளுமில்லை. கணக்குப் புத்தகம் மட்டும் என்னிடம் மிஞ்சியது. காக்கா மௌத்தாகிப் பல வருடங்களாகிவிட்டன. அவருடைய கேள்வி மௌத்தாகவில்லை.

ஜெர்மனியில் ஒரு விதி இருக்கிறது. ஒரு சில விதிவிலக்குகள் தவிர, கழகத்தின் வாக்குகளில் பாதிக்கு மேல் ஒன்றாவது அதன் உறுப்பினர்களிடம் இருந்தாக வேண்டும். பணக்காரர் பணம் போடலாம். ஆனால் வீட்டுச் சாவி அவர் கைக்குப் போகாது. நமது ஊர்க் கழகங்களும் யாப்பு எழுதித்தான் பதிவு செய்யப்படுகின்றன. அந்த யாப்பில் இரண்டு வரிகளைச் சேர்த்தால் என்ன? எல்லா உறுப்பினரையும் கேளாமல் பெயரை மாற்றக் கூடாது. வருடத்துக்கு ஒரு தடவை கணக்கை எல்லோருக்கும் முன்னால் வாசிக்க வேண்டும். உதவி செய்ய வருகிறவர்களை இது விரட்டிவிடும் என்று நான் நினைக்கவில்லை. விலைக்கு வாங்க வருகிறவர்களை மட்டும் கொஞ்சம் யோசிக்கவைக்கும்.

மருமகனுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலும் இதுதான். மகன், முதலாளி விற்கலாம், விற்காமலும் இருக்கலாம். அவரிடம் விற்க ஏதோ இருக்கிறது. உன்னிடம் இருப்பதை விற்கவே முடியாது. தோற்றாலும் கடைசியானாலும் நீ சட்டையைக் கழற்றமாட்டாய். அது அவருக்குத் தெரியும். அதுதான் அவருடைய பலம், உன்னுடைய பலவீனம். மன்செஸ்டருக்காக நீ விழித்திரு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு சந்தாங்கேணி மைதானத்துக்கும் ஒரு தடவை வா. அங்கே உன் வயதுப் பையன்கள் ஆடுவார்கள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போ. கை உயர்த்தும் முன்னர் என்ன கேட்கிறார்களென்று கேட்டுக்கொள். உன் மாமா கேட்கவில்லை.