பென்ஷன்காரரின் முதல் காமிரா
(பெங்களூரு கிளைக் கூட்டத்தில் பேசியது)

2022-ல் மூத்த பேரன் உபநயனத்துக்காகப் பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். ஒன்று வாங்கினேன். கம்பெனிகள் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் பழையது மலிவு.

ஜெயநகர் மண்டபத்தில் ஹோமப் புகை, மங்கல் வெளிச்சம். அம்மா பிக்ஷை போடும் நிமிஷம், கூடவே வந்த 18-55 லென்ஸில் குழந்தை முகம் கலங்கிப் போயிற்று. திரும்பக் கேட்க முடியுமா?

நான் பி.எஸ்ஸி. பௌதிகம். பிறகுதான் கணக்குப் போட்டேன். அந்த லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வரும். பத்தில் ஒரு செகண்ட் கேட்ட இடத்தில் நூறில் ஒன்று போதும். ஆகவே பாடியில் மிச்சம் பிடித்து இதை வாங்குங்கள். சின்ன சென்ஸாரில் இது 75 மி.மீ. போல நெருங்கிக் காட்டும். பந்தி முழுவதும் அடங்காது. அதற்கு 18-55 இருக்கட்டும்.

ஒன்று கவனியுங்கள். நிக்கான் டி40, டி3000, டி5000 வரிசைகளில் ஃபோகஸ் மோட்டார் உள்ளே கிடையாது. பழைய ஏ.எஃப். லென்ஸ் மாட்டினால் கையால்தான் திருக வேண்டும், 'ஏ.எஃப்.-எஸ்.' என்று கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் எனக்குச் சொல்லவில்லை. கேனான் ஈ.எஃப். லென்ஸ்களில், 1987 முதலே, மோட்டார் லென்ஸுக்குள்.

அடுத்த மாதம் இளைய பேரன் பூணூல். கை பழக, தினமும் ஆத்துக்காரி விளக்கேற்றும்போது படம் எடுக்கிறேன். அவளுக்கு அலுத்துவிட்டது.