கடைக்கால் தோண்டுமுன் கேட்டறிய வேண்டியவை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டுவிட்டன. வீடு கட்டுவோர் முன்னதாகக் கேட்டறிய வேண்டியவற்றைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு நிர்வாகத்தார் நம்மைப் பணித்திருக்கின்றனர். கடைக்கால் இடும்போது துஆ ஓதுவதற்கு நம்மை அழைப்பது இவ்வூர் வழக்கம். அழைக்க வருபவரிடம் நாம் ஒன்று கேட்பதுண்டு: "கட்டட அனுமதி வாங்கியாகிவிட்டதா?" பெரும்பாலும் வரும் விடை இதுதான்: "கொத்தனார் எல்லாம் பார்த்துக்கொள்வார் ஹஜ்ரத்." கொத்தனார் சுவரைப் பார்த்துக்கொள்வார்; அதில் ஐயமில்லை. நகராட்சியிலிருந்து வரும் நோட்டீஸில் அவருடைய பெயர் இராது. மனைக்கு உரியவரின் பெயரே இருக்கும்.

உரியவர் யார் என்பதே நம் ஊர்களில் முதற்கேள்வியாகிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெண்மக்களுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கம் தலைமுறைகளாக நிலவுகிறது. நன்னிம்மாவின் வீடு உம்மாவுக்கு வந்து, உம்மாவின் வீடு மகள்களுக்குப் பாகமாகி, ஒரு பெரிய மனை மூன்றாகவும் நான்காகவும் பிரிந்து நிற்கிறது. பாகம் பிரித்தவர்கள் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்தார்களே தவிர, வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கியவர்கள் சிலரே. பட்டா இன்னும் மறைந்துபோன மூதாட்டியின் பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ கிடக்கிறது. நிக்காஹ் நாள் குறித்தபின், சபுரிலிருந்து பணம் வந்தபின், அனுமதிக்கு விண்ணப்பிக்கப் போனால் அந்தப் பட்டாவே முதலில் வழிமறிக்கும். கூட்டுப் பட்டாவைப் பிரிக்க மற்றப் பங்குதாரர்களின் சம்மதம் வேண்டும். ஒருவர் சென்னையிலும் ஒருவர் மலேசியாவிலும் இருப்பார்கள். ஒருவர் பேச்சுவார்த்தையில்லாமல் இருப்பார்.

மார்க்கச் சட்டத்தோடு தொடர்புடைய ஒன்றை இங்கே விளக்கியாக வேண்டும். தந்தை மகளுக்கு ஹிபாவாக மனையைக் கொடுக்கும்போது, கொடுப்பதாகச் சொல்லுதல், ஏற்றல், கைவசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் இருந்தால் அது நிறைவேறிவிடும். எழுத்தில் இருந்தாலும் அதற்குப் பதிவு கட்டாயமன்று என்பதை உச்ச நீதிமன்றமும் 2011இல் ஏற்றுக் கூறியிருக்கிறது. ஆயினும் கொடை செல்லுபடியாவது வேறு. அக்கொடை அரசு ஆவணத்தில் ஏறியிருப்பது வேறு. அனுமதி வழங்கும் அலுவலர் ஹிபாவை மறுக்கவில்லை. அவர் கேட்பது பட்டா. வாய்மொழி ஹிபாவை நம்பி மகள் பெயரில் வீடு கட்ட எண்ணுவோர், பதிவு செய்த ஆவணமாக அதை ஆக்கிப் பட்டாவையும் மாற்றிய பிறகே வரைபடம் போடுவது நலம். முத்திரைத் தீர்வைச் செலவை மிச்சப்படுத்துவதாக எண்ணி, அந்தச் சங்கடத்தை மகளின் தலையில் நாம் வைக்க வேண்டாம்.

அடுத்தது, ஊருக்கு வெளியே கல்நட்டு விற்கும் மனைகள். "பத்திரம் பதிவாகிவிட்டது, பிறகென்ன?" என்பார்கள். அனுமதி பெறாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், அதன்பின் 2017இல் வரன்முறை விதிகள் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்கு முன் வீட்டுமனையாகப் பதிவான மனையை மறுபடியும் பதிவு செய்ய இடமளிக்கப்பட்டது. ஆனால் பதிவு, விற்கும் உரிமையைக் காட்டுமேயன்றிக் கட்டும் அனுமதியைத் தராது. அந்த மனைக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண் உண்டா, இல்லையேல் தனிமனை வரன்முறை ஆணை உண்டா என்பதை முன்பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டும். விற்பவர் காட்டும் வண்ண அட்டையில் இருக்கும் எண்ணை அப்படியே நம்பாமல், அதே எண்ணை உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். புல எண்ணைக் கொண்டு அது நன்செய்யா, நத்தமா, புறம்போக்கை ஒட்டியதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடற்கரையில் வாழும் நமக்கு இன்னொன்றும் உண்டு. 1991இல் தொடங்கி, 2011இலும் 2019இலும் மாற்றி வெளியிடப்பட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தைக் கட்டுப்படுத்துகிறது. அந்தக் கோடு நம் கண்ணுக்குத் தெரியும் அலையின் விளிம்பன்று. அரசின் வரைபடத்தில் வரையப்பட்ட கோடு. மாலையில் காற்று வாங்கப் போய், "கடல் எவ்வளவு தூரம்!" என்று கண்ணால் அளப்பது இதற்கு உதவாது. முன்பே கட்டடங்கள் நிறைந்த நகர்ப்பகுதியில், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடங்களுக்கோ நிலப்பக்கமாகக் கட்டலாம். கடற்பக்கமாகக் கட்ட இடமில்லை. கிராமப் பகுதியில் கட்டுப்பாடு வேறு. பக்கத்து வீட்டுக்காரர் கட்டிவிட்டார் என்பது நமக்கு அனுமதியாகாது. அவருடைய வீடு 1991க்கு முந்தையதாக இருக்கலாம்.

வீட்டைச் சுற்றி விடவேண்டிய இடைவெளியைப் பற்றி நம்மிடம் பலர் வாதிடுகின்றனர். "பழைய தெருவில் யார் இடம் விட்டார்கள்?" என்கின்றனர். உண்மைதான். நம் முடுக்குகளில் சுவரோடு சுவர் சேர்ந்தே வீடுகள் இருக்கின்றன. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, இத்தகைய பழைய பகுதிகளைத் தொடர் கட்டடப் பகுதி என்று தனியே கருதிப் பக்க இடைவெளியில் விலக்களிக்கின்றன. ஆனால் நம் தெரு அவ்வாறு அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்பதை நாமே முடிவு செய்துகொள்ள முடியாது. கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். மற்ற இடங்களில் சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து இடைவெளி மாறும். மாடி எழுப்புவோர் மேலே செல்லும் மின்கம்பியையும் பார்க்க வேண்டும். வீடுகளுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் மாடிக்கும் இடையே நேர் உயரத்தில் 2.5 மீட்டரும், பக்கவாட்டில் 1.2 மீட்டரும் இருக்க வேண்டும்.

வீட்டு வரி ரசீதை அனுமதியென்று எண்ணுவோரும் உளர். வரி விதிப்பது வருவாய்க்காக. அது விதிமீறலை மன்னிப்பதாகாது. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரக் கட்டடங்கள் தொடர்பான வழக்கில், 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை அறிந்துகொள்வது நல்லது. காலம் கடந்துவிட்டது, பணம் செலவாகிவிட்டது, அலுவலர் கண்டுகொள்ளவில்லை என்ற எவையும் அனுமதியற்ற கட்டடத்தைச் சரியாக்கிவிடா என்று அதில் கூறப்பட்டது. கட்டடத்தின் பேரில் கடன் தருமுன் நிறைவுச் சான்றைப் பார்க்குமாறு வங்கிகளுக்கும் சொல்லப்பட்டது. நாமறிந்த ஒரு குடும்பத்தார், மாடிப்படி வரை கட்டியபின் மீதிக்குக் கடன் கேட்டு வங்கிக்குச் சென்றனர். அனுமதி பெற்ற வரைபடம் எங்கே என்ற ஒரே கேள்வியில் வேலை நின்றது. அந்தப் படியில் இப்போது ஆடு ஏறி இறங்குகிறது.

அலுவலகம் என்றாலே அலைக்கழிப்பு என்ற அச்சம் முன்பு நியாயமாக இருந்திருக்கலாம். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. மனை 2,500 சதுர அடிக்கு உட்பட்டு, கட்டடம் 3,500 சதுர அடிக்கு உட்பட்டு, தரைத்தளமோ அதனுடன் முதல் தளமோ கட்டுபவர், இணையவழியில் ஆவணங்களைப் பதிவேற்றிக் கட்டணம் செலுத்தி உடனடியாக அனுமதி பெறலாம். நம் ஜமாஅத்தில் கட்டப்படும் வீடுகளில் பல இந்த அளவுக்குள் அடங்குபவையே. எனினும் பெயரைக் கவனியுங்கள்: சான்று கூறுபவர் நாம். பட்டாவிலோ அளவிலோ பொய் இருந்தால் அனுமதி ரத்தாகும், சொன்னவர் பொறுப்பாவார். கணினி மையத்துப் பிள்ளை நிரப்பியதைப் படித்துப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

சபுராளிகளுக்கு ஒரு சொல். தூதரகத்தில் கையொப்பமிட்டு அனுப்பும் பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். அலமாரியில் வைத்து மறந்துவிட்டால் மறுபடி எழுதி வாங்க நேரும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்பதால் அதையும் வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள். கழிவுநீர்த் தொட்டியின் இடத்தை, பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே என்று பார்த்துவிட்டுக் குறியுங்கள். அண்டை வீட்டாரின் உரிமை விதியில் எழுதப்பட்டதோடு முடிந்துவிடுவதன்று.

கேட்கச் செல்பவர் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம் ஆகியவற்றின் நகலைக் கையில் கொண்டு செல்லட்டும். வெறுங்கையோடு போனால் பொதுவான விடையே கிடைக்கும். புல எண்ணைச் சொன்னால்தான் அந்த மனைக்குரிய விடை கிடைக்கும். சொன்ன விடையை எழுத்தில் வாங்க முயலுங்கள். படிக்கத் தெரியாதவர்களும், ஆண் துணையின்றி அலுவலகம் செல்லத் தயங்கும் தாய்மார்களும் பத்திர நகலை ஜமாஅத் அலுவலகத்தில் கொடுத்தால், உடன் சென்று கேட்டுவர நம் இளைஞர்களை அனுப்புமாறு நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம். கடைக்கால் துஆவுக்கு நாள் சொல்ல வருவோர், அனுமதியின் நகலையும் எடுத்து வாருங்கள்.