தந்தியின் நாதமும் ஒலி ஒடுக்கியும்

மின்சாரக் கிட்டார் என்றதும் காதைத் துளைக்கும் பேரொலியே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆயினும் அக்கருவிக்கு இயற்கையாக அமைந்த குறை அதற்கு நேர்மாறானது. தந்தியை மீட்டிய கணத்தில் ஒலி சட்டென்று உயர்கிறது. உடனே தேயத் தொடங்கி, சற்று நேரத்தில் இருக்கிறதா இல்லையா என்னும்படி ஆகிவிடுகிறது. மீட்டி வாசிக்கும் கருவிகள் யாவற்றுக்கும் இது பொது, வீணைக்கும் உண்டு. வயலினுக்கு வில் இருக்கிறது, நாகசுரத்துக்கு மூச்சு இருக்கிறது. மீட்டும் கருவிக்கோ முதலில் விரல் கொடுத்ததே மூலதனம். அதைக் கொண்டே நாதம் காலம் தள்ள வேண்டும்.

அந்த மூலதனத்தைச் சிக்கனமாகச் செலவிட வழி செய்வதுதான் 'கம்ப்ரஸர்' என்னும் சாதனம். பெயரைக் கேட்டதும் குளிர்பதனப் பெட்டியின் பின்னால் உறுமும் இயந்திரத்தை எண்ணிவிட வேண்டாம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் கொடுக்கும் தொல்லை கொஞ்சமன்று. 'அழுத்தி' என்றால் காற்றழுத்தம் குறுக்கே வரும். 'சுருக்கி' என்றால் கணிப்பொறிக் கோப்புகளைச் சுருக்குவதோடு குழம்பும். பெரிய ஒலியை ஒடுக்குவதே இதன் செயலாதலால் 'ஒலி ஒடுக்கி' என்று இங்கே வைத்துக்கொள்வோம்.

ஒடுக்கி முதலில் கிட்டார்க்காரர்களுக்காகச் செய்யப்பட்டதன்று. 1930களிலேயே அமெரிக்க வானொலி நிலையங்களில் அது வேலை பார்த்தது. பேசுபவர் திடீரெனக் குரலை உயர்த்தினால் ஒலிபரப்பு சிதறும். தாழ்த்தினால் இரைச்சலில் மூழ்கும். பொறியாளர் குமிழின் மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கையின் வேலையைச் சாதனம் ஏற்றுக்கொண்டது. பிற மாநிலங்களில் இருந்துகொண்டு, இரவு வேளையில் தாய்மொழி நிகழ்ச்சிக்காகத் தொலைதூர நிலையத்தைத் தேடிப் பிடித்துக் கேட்ட நம்மவர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

அது செய்வது என்ன? ஒலிக்கு ஒரு வரம்பு குறிக்கிறோம். வரம்புக்குக் கீழே உள்ளதைச் சாதனம் தொடுவதில்லை. மேலே போனதை மட்டும் ஒரு விகிதப்படி குறைக்கிறது. நாலுக்கு ஒன்று என்னும் விகிதத்தில், வரம்பை 8 டெசிபல் தாண்டி வந்த ஒலி 2 டெசிபல் மட்டுமே தாண்டியதாக வெளிவரும். பின்னர் மொத்த ஒலியையும் உயர்த்திவிடுகிறோம். உச்சி தணிந்துவிட்டது, தேய்ந்துகொண்டிருந்த வால் மேலே வந்துவிட்டது. தந்தி என்றும்போலத்தான் அதிர்கிறது. நம் செவிக்குத்தான் நாதம் நீண்டு நிற்பதாகத் தோன்றுகிறது.

காவலுக்கு வைத்த இச்சாதனம் பாட்டுக்கு வந்த கதை சுவையானது. 1965-இல் அமெரிக்காவின் 'பேர்ட்ஸ்' என்னும் குழுவினர் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டைப் பதிவு செய்தனர். அதில் ரோஜர் மக்வின் வாசித்தது பன்னிரண்டு தந்திகள் கொண்ட ரிக்கன்பேக்கர் கிட்டார். முரட்டு இசையால் தம் சாதனங்கள் கெட்டுவிடக் கூடாதே என்றுதான் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஒடுக்கியைப் போட்டாராம். கிடைத்த நாதம் மணியோசை போல் இனித்தது. உடனே இரண்டு ஒடுக்கிகளை அடுத்தடுத்து இணைத்துவிட்டார்கள் என்று மக்வின் பின்னாளில் கூறியிருக்கிறார். மறு ஆண்டு வெளிவந்த 'எய்ட் மைல்ஸ் ஹை' பாட்டில் அவர் ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸஃபோனைக் கிட்டாரிலே பின்பற்ற முயன்றார். மூச்சால் ஊதும் கருவியை மீட்டும் கருவி பின்பற்ற வேண்டுமானால் நாதம் நிற்க வேண்டுமன்றோ? கோல்ட்ரேனின் 'இந்தியா' என்ற உருப்படியும் ரவி சங்கரின் சிதாரும் அப்பாட்டுக்குத் தூண்டுகோலாயின என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

1970களில் காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டியாகவே ஒடுக்கி கடைக்கு வந்தது. எம்.எக்ஸ்.ஆர். நிறுவனத்தின் 'டைனா காம்ப்' பெட்டியில் இரண்டே குமிழ்கள்: ஒன்று எவ்வளவு ஒடுக்குவது, மற்றது எவ்வளவு உயர்த்துவது. பிற பெட்டிகள் சிலவற்றில் 'அட்டாக்' என்றொரு குமிழ் இருக்கும். நம் கருத்தில் கவனிக்கத் தக்கது அதுவே. ஒலி வரம்பைத் தாண்டிய உடனே ஒடுக்கி பாய்ந்தால், தந்தியில் விரலோ பிக்கோ படும் 'டக்' என்ற முனை மழுங்கிப் போகும். நொடியில் ஆயிரத்தில் இருபது முப்பது பங்கு தாமதித்தால் முனை தப்பிவிடும். உடல் மட்டும் ஒடுங்கும்.

இனி இதன் விலையைப் பார்ப்போம். பணத்தைச் சொல்லவில்லை. மெல்ல மீட்டினாலும் வன்மையாக மீட்டினாலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஒலி வருமானால், கையின் குறிப்பு எங்கே போயிற்று? தில்லியிலும் மும்பையிலும் கிட்டார் பயிலும் நம் பிள்ளைகள் சிலர் அதிலே கர்நாடக இசையையும் முயல்கிறார்கள். ஒரு முறை மீட்டித் தந்தியை இழுத்து மூன்று நான்கு சுரங்களைத் தொட்டுக் காட்டும்போது கடைசிச் சுரம் நலிந்துபோகிறது. ஒடுக்கி அதைக் காப்பாற்றுகிறது. உண்மை. ஆனால் நிழல்போல் தொட்டுவிட்டு வர வேண்டிய அனுசுரத்தையும் முதன்மைச் சுரத்துக்கு நிகராக அது தூக்கி நிறுத்திவிடும். அப்போது இராகத்தின் முகமே மாறிவிடுகிறது. ஆகவே தொடக்க நிலையில் உள்ள பிள்ளை இப்பெட்டி வேண்டும் என்று கேட்டால், ஓரிரண்டு ஆண்டு பொறுக்கச் சொல்வதே நலம் என்பது நம் எண்ணம். விரலின் ஏற்றத்தாழ்வைப் பெட்டி மறைத்துவிட்டால், அதைத் திருத்த வேண்டும் என்று விரலுக்குத் தெரியவே தெரியாது.

கை தேறியவர்கள் வாங்கலாம். ஒலியைக் கரகரப்பாக்கும் 'டிஸ்டார்ஷன்' பெட்டி இருந்தால் பெரும்பாலும் ஒடுக்கியை அதற்கு முன்னால் இணைப்பது வழக்கம். அக்கரகரப்பு தானே ஒருவகை ஒடுக்கமாதலால், அது மிகுதியாக உள்ளபோது இரண்டும் சேர்ந்து இரைச்சலையே வளர்க்கும். காலால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பெடலை ஒடுக்கிக்குப் பின்னால் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால், கால் குறைத்ததை ஒடுக்கி ஈடுசெய்யப் பார்க்கும். வாசிப்பை நிறுத்திய இடத்தில் 'உஸ்' என்ற ஓசை மேலே கிளம்பினால் ஒடுக்கம் அளவு மீறிவிட்டது என்று பொருள்; அது அடங்கும் வரை குமிழைத் திருப்பிக் குறைத்துக்கொள்ளலாம்.