பறவைகள் ஊரில் காகிதத் தோரணம்



தீபாவளியன்று பட்டாசுச் சத்தம் கேட்காத ஊர்கள் தமிழ்நாட்டில் சில உண்டு. சிவகங்கைப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டி ஒன்று. நம் செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் இன்னொன்று. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பத் தொடங்கும்போதுதான் தீபாவளி வருகிறது. நாரையும் நீர்க்காகமும் ஏரிக்குள் நிற்கும் மரங்களைத் தேடி வருவதும் அந்தச் சமயத்தில்தான். சரவெடி ஒன்று வெடித்தால் கூட்டமே கலைந்துவிடும். அதனால் ஊரார் வெடிப்பதில்லை.

இந்த அக்கறை நேற்று வந்ததில்லை. 1790களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையைக் கவுலாக, அதாவது எழுத்து உடன்படிக்கையாக, எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். 2022இல் இந்த ஏரி, உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் அங்கீகரிப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊர் அங்கீகரித்துவிட்டது.

சரி, பட்டாசை விட்டாயிற்று. பண்டிகை நாளில் பிள்ளைகளின் கை சும்மா இருக்குமா? அதற்கு வேலை வேண்டும், வீட்டு வாசலுக்கு நிறம் வேண்டும். கலர்த்தாள், கத்தரிக்கோல், கொஞ்சம் பசை, ஒரு கண்டு நூல் இருந்தால் போதும் என்கிற காகித வேலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இதைப் பள்ளிக்கூடத்துப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். நான் இதை முறையான கலை என்றே சொல்வேன். பறவைகளோடு ஊரைப் பகிர்ந்துகொண்டு வாழ்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரம் இல்லை என்றும் சொல்வேன். பண்டிகை முடிந்தால் காகிதமும் முடிந்துவிடுகிறது. மழையில் நனைந்து மண்ணோடு போய்விடுகிறது. பலரும் குறையாகச் சொல்வது இதைத்தான். எனக்கு அதுவே அதன் முதல் சிறப்பாகப் படுகிறது.

தெருத் தோரணத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு தூண்களுக்கு நடுவே, நின்றபடி வேலை செய்ய வசதியான உயரத்தில் நூலைக் கட்டிக்கொள்கிறோம். முக்கோணமாக வெட்டிய தாளின் மேல் விளிம்பில் ஒரு விரற்கடை அளவு மட்டும் பசை தடவி, நூலின் மேல் மடித்து ஒட்டுகிறோம். இவ்வளவுதான் வேலை. ஆனால் நல்ல தோரணத்துக்கும் மோசமான தோரணத்துக்கும் உள்ள வித்தியாசம் தூரத்திலிருந்தே தெரியும். பசை அதிகமானால் தாள் காய்ந்ததும் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். நெருக்கி ஒட்டினால் காற்றில் படபடக்காது, மொத்தையாகத் தொங்கும். தாளுக்குத் தாள் ஒரு தாளின் பாதி அகலம் இடைவெளி விட்டுப் பாருங்கள், தெருவுக்கே உயிர் வந்துவிடும். நிறங்களிலும் அடக்கம் வேண்டும். கையில் கிடைத்த எல்லா நிறத்தையும் போட்டால் கண்ணில் எதுவும் நிற்காது. மஞ்சளும் சிவப்பும் மாறி மாறி வந்தாலே போதும். வேண்டுமானால் இடையில் ஒரு பச்சை.

பசையைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகு சிறு தீயில் வைத்துக் கிண்ட வேண்டும். வெள்ளையாக இருக்கும் மாவு கொஞ்ச நேரத்தில் கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கும். அந்தப் பதத்தில் இறக்கிவிட வேண்டும், தாண்டினால் இறுகிவிடும். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கைவைக்கும் பசையில் கூடவே கூடாது. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் சோற்றுப் பருக்கை இருக்கிறது. எத்தனை தலைமுறைப் பட்டங்கள் அதை நம்பி வானத்தில் ஏறியிருக்கின்றன!

காகித வேலையில் கை தேற, ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பழைய நாளிதழ் பக்கத்தில் இருந்தால் எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள். ஏறக்குறைய நேராகக் கிழியும். இப்போது குறுக்கே கிழியுங்கள். கோணலாக எங்கேயோ போகும். ஆலையில் காகிதக் கூழ் ஓடுகிற சல்லடையின் மேல் படியும்போது, நார்களில் பெரும்பாலானவை ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. மரப்பலகைக்கு இருப்பதுபோலக் காகிதத்துக்கும் இழையோட்டம் உண்டு. அதை ஒட்டி மடித்தால் மடிப்பு கூர்மையாக விழும். எதிர்த்து மடித்தால் கனமான தாள் வெடித்துவிடும். விசிறி மடிப்பில் நட்சத்திரம் செய்யும்போது சார்ட் பேப்பர் ஏன் சில சமயம் பிளவுபடுகிறது என்று தெரியாமல் பிள்ளையைத் திட்டுகிறோம். தாளைத் தொண்ணூறு பாகை திருப்பிக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது.

கையால் செய்த காகிதத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வரும் புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் நடக்கிறது. பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கி, சட்டத்தில் அள்ளிக் குலுக்கி எடுக்கும் காகிதம். குலுக்குவதால் நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக்கொள்கின்றன. விலை கூடுதல்தான், ஒரு வாழ்த்து அட்டைக்கோ விளக்குக் கூட்டுக்கோ அதை வாங்கலாம், தெருத் தோரணத்துக்குத் தேவையில்லை.

இப்போது கடைகளில் தொங்குகிற பளபளப்புத் தோரணங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவை தாள் இல்லை, உலோகப் பூச்சுப் பூசிய பிளாஸ்டிக். மழைக்கு நிறம் போகாது என்று வாங்குகிறோம். அந்தக் கவலை நியாயமானதுதான். ஐப்பசி மழையில் கலர்த்தாளின் சாயம் வடிந்து வெள்ளைச் சுவர் பாழாவதும் உண்டு. அதற்கு வழி, தீபாவளித் தோரணத்தைத் திண்ணைக்குள்ளும் கூடத்திலும் கட்டுவது, தெருவை அலங்கரிப்பதைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்வது. பிளாஸ்டிக் தோரணத்தை யாரும் அவிழ்ப்பதில்லை. காற்றில் அறுந்து வாய்க்காலில் விழுந்து ஏரிக்குத்தான் போய்ச் சேர்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் கொடியும் உண்டு. ஜிகினாத் தூளும் பிளாஸ்டிக்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நூலும் முக்கியம். நைலான் நூல் மக்காது. பறவையின் காலில் சுற்றினால் அவிழாது. பொங்கல் சமயத்தில் வேடந்தாங்கல் மரங்களில் குஞ்சுகள் இருக்கும். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூலில் பட்டத்தை அந்த வானத்தில் விடுவது பாவம். பருத்தி நூலோ சணலோ போதும்.

காகிதத்துக்கு நீண்ட ஆயுள் கொடுக்கும் கிளை ஒன்றும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவில் களிமண் பொம்மையோடு காகிதக் கூழ் பொம்மையும் செய்கிறார்கள். பழைய தாளை ஊறவைத்து அரைத்து, பசையும் சுண்ணாம்புத் தூளும் சேர்த்துப் பிசைந்து, முன்பாதி பின்பாதி என்று அச்சில் அழுத்திக் காயவைத்து, ஒட்டி, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டுகிறார்கள். கொலுப்படியிலிருந்து தவறி விழுந்தாலும் எளிதில் உடையாது. தலைமுறை தாண்டி நிற்கும் இந்தப் பொம்மைகளுக்கு முன்னால் தோரணம் அற்ப ஆயுள்தான். ஆனால் கூழ் பொம்மைக்கு அச்சும் அனுபவமும் வேண்டும். தோரணத்தை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் பழகலாம்.

கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிடும் நட்சத்திர விளக்கின் முன்னோடி ஒன்றும் ஒரு வகுப்பறையில்தான் பிறந்தது. 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி ஊரில், மொரேவியத் திருச்சபைப் பள்ளியில், வடிவக் கணிதப் பாடத்துக்காகப் பையன்கள் தாளில் செய்த பல முனை நட்சத்திரம் அது. கொழும்பில் வைகாசிப் பௌர்ணமிக்கு மூங்கில் சிம்பும் மெல்லிய தாளும் கொண்டு வெசாக் கூடு என்கிற விளக்குக் கூட்டைக் கட்டுகிறார்கள். நம் மாவட்டத்து அச்சிறுபாக்கம் மலை மாதா கோயிலுக்குப் போகிற குடும்பங்களும் கிறிஸ்துமஸுக்கு அந்தச் சிம்பையும் தாளையும் கொண்டு வீட்டுக்கொரு நட்சத்திரம் கட்டலாம்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த பகுதி: காகிதப் பறவை. லயனல் பிளேஸ் கவுல் கொடுத்த அதே பத்தாண்டில், 1797இல், ஜப்பானின் கியோட்டோவில் ஒரு புத்தகம் வெளியானது. ஒரே தாளிலிருந்து, இறக்கை நுனியிலோ அலகு நுனியிலோ ஒட்டிக்கொண்டிருக்கும் பல கொக்குகளை மடிக்கும் 49 முறைகள் அதில் உள்ளன. தாளை அங்கங்கே வெட்டித்தான் அவற்றை மடிக்க முடியும். கத்தரிக்கோல் தொட்டால் மடிப்புக் கலை கெட்டுவிடும் என்று இன்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பழைய புத்தகமே வெட்டியிருக்கிறது, நாமும் தயங்க வேண்டியதில்லை.

கொக்கு மடிப்பு தெரிந்த பிள்ளைக்கு வேடந்தாங்கலையே மடித்துவிடலாம். கழுத்து மெலிந்து வருகிற அலகு நுனியைக் கொஞ்சம் பிரித்துத் தட்டையாக அழுத்தினால் கரண்டிவாயன். நுனியைக் கீழ்நோக்கி வளைத்தால் அரிவாள் மூக்கன். அடியில் ஒரு சிறு பை ஒட்டினால் கூழைக்கடா. நத்தை குத்தி நாரைதான் சோதனை. வளர்ந்த நாரையின் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். நத்தையைப் பிடிக்க வசதியான அமைப்பு. காகிதத்தில் அந்த இடைவெளியைக் கத்தரிக்கோல் முனையால் நறுக்கி எடுக்க வேண்டும். கை நடுங்கினால் அலகே துண்டாகிவிடும். நறுக்க வராத பிள்ளை கவலைப்பட வேண்டாம், அலகை அப்படியே விட்டுவிடலாம். குஞ்சு நாரைக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். அது இந்த வருஷம் பொரித்த குஞ்சு என்று சொல்லித் தோரணத்தில் கோத்துவிடுங்கள்.