செய்தி சொல்லும் பொறுப்பு



2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். காற்றின் போக்கிற்குக் குறுக்கே விலகுக, ஈரத்துணியால் மூக்கை மூடுக என்னும் இரண்டு வரிகளைக் கூட நாம் அன்று உரைக்கவில்லை. அக்குறையை ஒப்புவோம்.

பள்ளியில் மணியடிப்பவர் யாரென்பதை அனைவரும் அறிவர். அதுபோல், இடர் வேளையில் எவர் சொல்லை நம்புவதெனத் தெருவார் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அப்பொறுப்பை ஏற்பவர் அறிந்ததை உடனே உரைக்க வேண்டும். அறியாததை அறியோமென ஒப்ப வேண்டும். அடுத்த செய்தி வரும் நேரத்தைக் குறிக்க வேண்டும். எழுத்தறியாத் தாயின் ஐயத்தையும் பொறுமையுடன் கேட்க வேண்டும். ஆலை மூடினாலும், வேலை ஒப்பந்தத்திற்கு மாறினாலும், குடியிருப்பை அகற்ற அறிவிப்பு வந்தாலும் இம்முறையே பொருந்தும். மௌனம் நீடித்தால் வதந்தி தலைவனாகிவிடும்.

1893இல் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' இதழையும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினர். நம் செய்தியை நாமே சொல்லும் வழியை அவர்கள் காட்டினர். கற்ற இளைஞர்களே, தெருவுக்கு இருவர் முன்வாருங்கள். அதுவே இவ்வெள்ளிவிழாவின் பயனாகும்.