கனம்பண்ணுதல்



ஐந்தாம் கட்டளையை நாம் சிறுவயதில் மனனம் செய்தோம். அம்மா அப்பா சொல்லுக் கேட்டு நடக்க வேண்டும் என்பதே அதன் பொருள் என்று எண்ணினோம். ஆனால் சீனாய் மலையடியில் அதைக் கேட்டு நின்றவர்களில் பெரும்பகுதியினர் வளர்ந்தவர்கள். முதிர்ந்த பெற்றோரையும் வனாந்தரத்தினூடே கூட்டிச் சென்றவர்கள். ஆகவே நாற்பதைத் தாண்டிய எங்களுக்கே அது கூடுதலாகப் பொருந்தும். நம் வேதாகமத்தில் அங்கே வரும் சொல் கனம்பண்ணுதல். கனம் என்றால் மதிப்பு, பாரம் என்று தமிழில் இரு பொருள். எபிரேய மூலச்சொல்லும் அப்படியே. பெற்றோரின் வார்த்தைக்குப் பாரம் கொடுப்பது என்று நான் அதை விளங்கிக்கொள்கிறேன்.

கிளினிக்கில் இதற்கு மாறானதைத்தான் அதிகம் காண்கிறேன். "அவவுக்கு ஒண்டும் விளங்காது டொக்டர், என்னட்டைக் கேளுங்கோ" என்பார் கூட வந்தவர். அந்த அம்மாவோ எல்லாம் விளங்கியபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். திடீரென்று ஒருவர் தடுமாறிப் பேசினால் "வயசு போட்டுது" என்று விட்டுவிடுகிறோம். அது சிறுநீர்த் தொற்றாகவோ இரத்தத்தில் உப்புக் குறைந்ததாகவோ இருக்கலாம், இரண்டும் மாற்றக்கூடியவை.

யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். 1707இல் ஒல்லாந்தர் தேசவழமையைத் தொகுத்தபோதே சீதனத்துக்கு அதில் முக்கிய இடமிருந்தது. ஆகவே முதுமையில் மகளோடு இருப்பது ஊர்வழக்கு. 1983க்குப் பிறகு, அதிலும் 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே எழும்பி நடந்த பிறகு, அந்த வழக்குக் குலைந்தது. இன்று சீதன வீட்டின் சொந்தக்காரி ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிறாள். அம்மா வீட்டுக்குக் காவல். "தனி ஆளுக்கு என்னத்துக்குப் பிள்ளை சமையல்?" என்று இரவில் ஒரு பணிசும் தேத்தண்ணியும். சீனி வருத்தக் குளிசையை மட்டும் தவறாமல் போடுவார். விடியப்புறம் சீனி இறங்கி மயங்கிக் கிடப்பார். நோயின் பெயரை நாங்கள் துண்டில் எழுதுகிறோம். சேர்ந்திருந்து சாப்பிட ஆளில்லாததை எழுத அதில் இடமில்லை.

பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டுமென்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பணம் நம்மவர்கள் அனுப்பத்தான் செய்கிறார்கள். எனக்கு உறுத்துவது மாற்கு 7ஆம் அதிகாரம். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குப் படைத்தது, என்று சொல்லிக் கைகழுவுவதை அனுமதித்த வேதபாரகரை இயேசு அங்கே கடிந்துகொள்கிறார். நாமும் பெற்றோர் பெயரில் ஆலயத்துக்கு மின்விசிறி, பாடசாலைக்கு மண்டபம், வாசலில் கல்வெட்டு என்று கொடுக்கிறோம். (நன்கொடை வேண்டாமென்று நான் சொன்னதாகப் பொருளாளர் எடுக்கக்கூடாது.) கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படுபவர் உயிரோடிருந்தபோது அவரோடு யார் இருந்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

வர முடியாதவர்களும் உண்டு. விசா இல்லாமல் தாயின் செத்தவீட்டையே திரையில் பார்த்தவர்களை நானறிவேன். அவர்களை நோக்கி நான் இதைச் சொல்லவில்லை. சிலுவையில் இயேசுவும் தாயோடு இருக்க முடியாத நிலையில்தான் இருந்தார். அவர் மரியாளை யோவானிடம், ஓர் ஆளிடம், ஒப்புவித்தார். அன்றிலிருந்து அவர் யோவானின் வீட்டில் இருந்தார்.

அந்த வழியில் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். தனியே இருக்கும் நம் ஆசிரியைகள், மூத்த மாணவிகள், வெளிநாட்டிலுள்ளோரின் பெற்றோர் ஆகியோரின் பட்டியலொன்றைத் தயாரிப்போம். ஒவ்வொருவருக்கும் ஊரிலுள்ள ஒரு பழைய மாணவி பொறுப்பு. கிளினிக் நாளில் கூடப் போகவும், கிழமைக்கொரு நேரம் அவரோடிருந்து சாப்பிடவும். வெளிநாட்டிலிருப்பவர்கள் தங்கள் வீட்டாரின் பெயரைச் செயலாளருக்கு அனுப்பலாம். என் பெயரை இன்றே எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் எனக்கு வசதி.