இடக்கை மிருதங்கம்: பழனி சுப்பிரமணிய பிள்ளை



திண்டுக்கல் என்றவுடன் பூட்டும் புகையிலையும் தோல் பதனிடும் தொழிலும் நினைவுக்கு வருதல் இயல்பு. இவ்வூருக்கு மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழனியைத் தம் பெயரின் முன்னே தாங்கி, இசையரங்குகளில் அரசோச்சிய ஒருவரைக் குறித்து இங்கே பேசப்படுகிறது. அவர் வாழ்ந்த நாளில் பழனி மதுரை மாவட்டத்து ஊர். திண்டுக்கல் மாவட்டம் உருவானது 1985இல்தான்.

பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தந்தையார் முத்தையா பிள்ளையும் லய வித்துவானே. கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் தேடித் தந்த மான்பூண்டியா பிள்ளை, அவர்தம் மாணவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை ஆகியோரின் புதுக்கோட்டை வழியே சுப்பிரமணிய பிள்ளையின் வழியும் ஆகும். கணக்கில் கடுமையும் ஒலியில் தெளிவும் அவ்வழியின் இலக்கணம்.

ஆனால் அவர் இடக்கையாளர். இதனால் நேர்ந்த இடரைச் சற்று விரித்துரைத்தல் தகும். மிருதங்கத்தின் வலந்தலையில் கருஞ்சோறு பூசப்பட்டிருக்கும். நுண்ணிய சொற்கள் பிறப்பது அங்கேதான். மறுபுறமான தொப்பியில் ரவைப் பசை இட்டுக் கனத்த நாதம் எழுப்புவர். பாடகரின் வலப்புறம் மிருதங்கக்காரர் அமர்ந்தால் வலந்தலை அவையை நோக்கும். இடக்கையாளர் அதே இடத்தில் அமர்ந்தாலோ தொப்பி அவையை நோக்க, வலந்தலை உள்ளே மறைந்துவிடும். ஆகவே அவர் பாடகரின் இடப்புறம் செல்ல வேண்டும். அங்கிருக்கும் வயலின் வித்துவான் எழுந்து இடம் மாற வேண்டும். எத்தனை பேர் மனமுவந்து மாறுவர்? மேடையின் ஒழுங்கு வெறும் வழக்கமே ஆயினும், வழக்கத்தை அசைப்பது இலக்கணத்தை அசைப்பதினும் அரிது. அந்நாளில் செம்பை வைத்தியநாத பாகவதர் இவர் பக்கம் நின்றார். இவர் வாசிக்க வேண்டும் என்பதில் உறுதி காட்டினார். முன்னணிப் பாடகர் ஒருவரின் பிடிவாதம் ஒரு கலைஞருக்கு வாழ்வளித்தது எனலாம்.

பின்னர் ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவிகளுக்கு இவர் வாசித்தமை லயப் பிரியர்கள் இன்றும் வியந்து பேசும் செய்தி. தொப்பியில் இவர் எழுப்பிய 'கும்கி' தனிச்சுவை உடையது. கூட்டத்தை மருட்டும் வேகத்தினும், இரு சொற்களுக்கிடையே விடும் மௌனத்தில் இவர் ஆட்சி மிகுதி.

கவிஞர்களுக்கு இது புதிதன்று. தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு, தகதிமிதகதகிட ஒன்பது: இவ்வைந்து சாதிகளும் மாத்திரைக் கணக்கே அன்றோ! பழனி முருகன் மீது எண்ணற்ற திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர் குறிலும் நெடிலும் வல்லெழுத்தும் மெல்லெழுத்தும் கொண்டு சமைத்த சந்தத்தை, பிள்ளை தோலிலும் விரலிலும் சமைத்தார். (யாப்பு கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு மிருதங்கத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் பாதி வேலை குறையும்.)

சமகாலத்தவரான பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, பிள்ளை கஞ்சிரா ஏந்திய மேடைகளும் உண்டு. மிருதங்க வித்துவான் ஒருவருக்குச் சென்னை மியூசிக் அகாதெமி முதன்முதலாகச் சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது 1966இல். பெற்றவர் மணி ஐயர். பிள்ளையோ நான்காண்டுகள் முன்னரே, 1962இல், மறைந்துவிட்டார்.

அவருடைய மாணவர் திருச்சி சங்கரன் 1971 முதல் கனடாவின் டொரொண்டோ நகரில், யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார்; 2011இல் அதே பட்டம் அவரை அடைந்தது. சங்கரன் வலக்கையாளர். எதிரே அமர்ந்து பயின்ற அவருக்கு ஆசிரியரின் கைகள் கண்ணாடியில் தெரியும் தம் கைகளைப் போலவே இருந்திருக்கும். மேடையில் இடையூறு எனப்பட்ட அந்த இடக்கை, பாடம் சொல்லும் திண்ணையில் வசதியாயிற்று.